பக்கத்தில் உட்கார வந்தவன்

குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஒரு சின்ன அமைப்பு எங்கள் முத்தியால்பேட்டையில் இருக்கிறது. வருஷத்துக்கொரு முறை அவர்களுக்கு ஏதோ கொடுத்துவிட்டு, நல்லவன் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தேன். போன வருஷம் அங்கே வேலை பார்க்கும் பெண் கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்து ஒருத்தங்க பக்கத்துல உக்காரணும். அவ்ளோதான்."

உட்காருவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. சரி என்றுவிட்டேன்.

என் மனைவிக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. "நீங்களா? சிக்னல்ல போலீஸோட செவப்புத் தொப்பியப் பாத்தாலே எறங்கி வண்டியத் தள்ளிக்கிட்டுப் போற ஆளாச்சே!"

அந்த அமைப்பில் ஒரு வழக்கம். பேர், வழக்கு எதையும் போனில் சொல்லமாட்டார்கள். பாதிக்கப்பட்டவர் கதை ஊர் வாயில் விழக்கூடாதாம். 'என்ன நடந்தது?' என்று நாமும் கேட்கக்கூடாது. எனக்குச் சொன்னதெல்லாம் இதுதான்: பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா சாட்சி சொல்ல வருவார். போன தடவை எதிராளியின் சொந்தக்காரர்கள் முறைத்ததில் பயந்து வாசலோடு திரும்பிவிட்டார். இந்தத் தடவையும் திரும்பினால் வழக்கு நிற்காது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் துணைக்கு வருவார் என்று அவரிடமும் சொல்லியாயிற்று.

கோர்ட் வராந்தாவில் நுழைந்ததுமே கறுப்புக் கோட்டுகள் ஒவ்வொன்றும் என்னையே தேடுவதாகப் பட்டது. நல்லவேளை, முதல் பெஞ்சிலேயே பச்சைப் புடவை. அழுது சிவந்த கண்கள். போய் உட்கார்ந்தேன்.

"பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்."

"நீங்க வக்கீலா தம்பி?"

"இல்லம்மா. சும்மா பக்கத்துல உக்கார வந்தேன்."

"சும்மாவா?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். "எம் புள்ளயப் பாத்தாலே வயிறு எரியுது தம்பி" என்றார். பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ? கேட்கக்கூடாதே! உருக்கமாகத் தலையை ஆட்டினேன்.

போன் அடித்தது. அமைப்புப் பெண்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? அந்த அக்கா தனியா இருக்காங்களாம், கெளம்புறேன்றாங்க!"

"பக்கத்துலதாம்மா இருக்கேன். டீ குடிச்சிட்டிருக்காங்க."

"எங்கிட்ட இப்பதானேண்ணே போன்ல அழுதாங்க?"

பக்கத்தில் பார்த்தேன். இவர் கையில் போனே இல்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிவர, என் பச்சைப் புடவை டீயை வைத்துவிட்டு, "கண்ணு!" என்று ஓடியது.

வராந்தாவின் அந்தக் கோடியில் இன்னொரு பச்சைப் புடவை. பையை எடுத்துக் கையில் மாட்டியபடி பார்வையாலேயே என்னை எரித்துக்கொண்டிருந்தது.

அவரிடம் போனேன்.

"நீதான் நீலச் சட்டையா?" என்றார். "தவளக்குப்பத்துல பஸ்ஸுக்கு நின்ன எங் கழுத்துல சங்கிலிய அறுத்துட்டு ஓடுனான் அந்தப் பய. அவன் ஆத்தாளுக்கு டீ வாங்கித் தர்ற! அவங்க ஆளா நீ?"

"இல்லக்கா... பச்சைப் புடவைன்னு சொன்னாங்க..."

"ஊருல ஒருத்திதான் பச்சை கட்டுவாளா? எங்கிட்ட மீனு வாங்க வர்றவன்கூட கடையப் பாத்துத்தான்யா வருவான். நான் வீட்டுக்குப் போறேன்."

ஒரு சாட்சியைக் கலைத்த குற்றத்துக்கு எத்தனை வருஷம் போடுவார்கள் என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்தேன். பெஞ்சைப் பிடித்தேன், பெஞ்சும் ஆடியது.

அந்த அக்கா உற்றுப் பார்த்தார். "நீ ஏன்யா நடுங்குற?"

"கோர்ட்டுன்னா எனக்குப் பயங்க்கா."

"எனக்குத் தொணைக்குத்தான ஒன்ன அனுப்பிச்சாங்க?"

"ஆமாங்க்கா."

அவர் சிரிப்பாரா, பையால் அடிப்பாரா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. "உக்காரு, வுழுந்து தொலைக்காத" என்று பையை நகர்த்தி இடம் கொடுத்தார். உட்கார்ந்தோம். எதிரில் பையனின் மாமன்கள் வரிசையாக நின்று முறைத்தார்கள். அக்கா தலை குனியும் போதெல்லாம் நானும் குனிந்தேன். இதைவிட மோசமான துணை உலகத்தில் இருக்க முடியாது.

கோர்ட் வாசலில் நின்ற டவாலி அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். அக்கா எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"கதவு வரைக்கும் வா" என்றார் என்னிடம். போனோம். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

நான் கதவோரம் நின்றேன். அந்தப் பையனின் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். தள்ளி நிற்பதா, அப்படியே நிற்பதா? எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தரவில்லை. உள்ளே, பெரிய மார்க்கெட்டில் எத்தனையோ கடைகளைத் தாண்டிக் கேட்கிற குரல் எழுந்தது: "இவன்தாங்கய்யா! இந்த மூஞ்சிதான்!" 'கொஞ்சம் மெதுவா சொல்லும்மா' என்று யாரோ கெஞ்சினார்கள்.

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"தம்பி, உள்ள அவ என்னா சொல்றா?"

"சரியா கேக்கலம்மா" என்றேன்.