சிவப்பு கோவில் வரை இறங்கிய நாள்

என் அண்ணி கினுயே போன பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம், மேப்பிள் மரத்தடிக் கடைக்காரம்மா என்றுதான் சொன்னார்கள். இலை சிவக்கும் காலம் முன்பெல்லாம் அவளுக்கு ஆகவே ஆகாது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவன் தொயோஜி அண்ணன். நடுவில் ஒருவன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போனான். கடைசி நான். என்னைக் கட்டிக்கொடுத்தது உள்ளூரில்தான் என்பதால் பாதி நாள் அண்ணன் வீட்டில்தான் கிடப்பேன்.

எங்கள் யமகட்டா மலையில் சிவப்பு உச்சியிலே தொடங்கி, நாளுக்குக் கொஞ்சமாகக் கீழே இறங்கும். முதலில் பாறை முகடு. பிறகு வெந்நீர் ஊற்று விடுதியைச் சுற்றியிருக்கும் காடு. கடைசியாக ஊர்க் கோவில் வாசலில் நிற்கும் மேப்பிள் மரம். அந்த மரம் சிவந்தால் டோக்கியோவுக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் லாரி வந்துவிடும். அறுவடை முடித்த ஆண்கள் ஆளுக்கொரு மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். வேலை செய்யும் இடத்துக் கொட்டகையில் பலகைதான் கிடைக்கும், மெத்தை அவரவர் பாடு. பனி உருகினால்தான் திரும்பி வருவார்கள்.

அதனால் முகட்டில் முதல் சிவப்பு தெரிந்ததுமே அண்ணி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான், பனிக்காலத்துக்குக் காயவைக்கும் முள்ளங்கியைக் கட்டித் தொங்கவிடுவாள். திரும்பியே பார்க்க மாட்டாள்.

ஒரு வசந்தத்தில் அண்ணன் ஊர் திரும்பினான். மூன்று வயது மகள் ஃபுமி வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காரு" என்றாள். அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. இனி ஒரு பனிக்காலமும் இவனை அனுப்புவதில்லை என்று அன்றைக்கே அவள் மனதில் விழுந்துவிட்டது.

அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு நல்ல பாதை போட்டார்கள். செந்தாய் நகரத்திலிருந்தெல்லாம் பேருந்து பிடித்து இலை பார்க்க வந்தார்கள். உதிரப்போகிற இலைக்கு இத்தனை கூட்டமா என்று ஊரே வாய்விட்டுச் சிரித்தது. அண்ணி மட்டும் கோவில் மரத்தடியில் அடுப்பு மூட்டி, சேப்பங்கிழங்கும் இறைச்சியும் போட்டு ஒரு பெரிய பானையை ஏற்றினாள். கடை நன்றாகவே நடந்தது. இந்த வருஷம் போகவேண்டாம் என்று அண்ணனிடம் கேட்டும் பார்த்தாள்.

"இலை உதிந்தா கடையும் உதிந்துடும். அப்புறம் பனியையா திங்கிறது?" என்றான் அவன்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை.

லாரி வரும் நாளுக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் பார்த்தால் மரம் தீப்பிடித்ததுபோல் நிற்கிறது, தரையெல்லாம் ஈரம். லாரியின் ஹாரன் கேட்டது. அண்ணன் அலமாரியைத் திறந்தான், மெத்தை இல்லை. வீடெல்லாம் தேடிவிட்டுக் கோவிலுக்கு ஓடினான். நானும் பின்னால் போனேன்.

மரத்தடியில் செந்தாய்க்காரப் பாட்டிமார் ஏழெட்டுப் பேர், செருப்புகளை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, கோரைப்பாயில் சம்மணமிட்டுக் குழம்பு குடித்துக்கொண்டிருந்தார்கள். பாய்க்கு அடியில் அண்ணன் மெத்தையின் நீலக் கோடு போட்ட ஓரம் எட்டிப் பார்த்தது.

அண்ணி பானையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏங்க, இந்தக் கிண்ணத்த அந்தம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

"மெத்தை..."

"தரை ஈரம். வயசானவங்க. வேணும்னா நீங்களே எழுந்திரிக்கச் சொல்லுங்க."

என் அண்ணன் வழியில் குறுக்கே வந்த நாய்க்கும் மன்னிப்புக் கேட்கிறவன். விருந்தாளியை எழுப்புவானா? கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டான். அதற்குள் ஒரு பாட்டி அவனைப் பார்த்து, "தம்பி, எங்க வீட்லகூட இப்படி மெத்துனு உக்காந்ததில்ல. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அவன் மூன்று முறை குனிந்து வணங்கினான்.

லாரியிலிருந்து அவன் கூட்டாளி கான்ட்டா தலையை நீட்டி, "என்ன தொயோஜி, மெத்தைய பாட்டிங்களுக்கு சீதனமா குடுத்துட்டியா?" என்றான். எல்லோரும் சிரிக்க, லாரி கிளம்பிவிட்டது.

அண்ணன் கையிலிருந்த கிண்ணத்தோடு பாயின் மூலையில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து அண்ணாந்து பார்த்தான்.

"இந்த மரம் இவ்ளோ பெருசா?" என்றான்.

அந்தப் பனிக்காலம் சுகமாகப் போனது என்று நான் சொல்லமாட்டேன். விடுதிக் கூரையில் பனி தள்ளும் வேலை அவனுக்குக் கிடைத்தது. மற்றபடி முள்ளங்கிக் கஞ்சிதான். மருமகள் பசியைக் கூட்டிவந்துவிட்டாள் என்று எங்கள் அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அண்ணனின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் ஃபுமி தூங்கினாள்.

மறுவருஷம் சிவப்பு மறுபடியும் கோவில் வரை இறங்கியது. ஹாரன் கேட்டது. அண்ணன் அலமாரியைத் திறந்து, மெத்தையை எடுத்துச் சுருட்டி, கயிறு போட்டுத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். அண்ணியின் முகம் வெளிறிப்போனது. பானையருகே கரண்டியும் கையுமாக நின்றவள் அப்படியே நின்றாள்.

அவன் லாரியைத் தாண்டி நடந்தான். மரத்தடிக்கு வந்து, கயிற்றை அவிழ்த்து, மெத்தையை விரித்து, அதன்மேல் பாயைப் போட்டான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? குழம்பு அடி புடிக்குது" என்றான்.

அண்ணி அதன்பிறகு மலையைப் பார்த்தே முள்ளங்கி கட்டினாள்.