கூரைக்குள் வைத்த மண்குடங்கள்

போன கார்த்திகையில் என் சத்தம் போய்விட்டது. கழுத்தில் தைரொய்ட் கட்டி எடுத்தார்கள், அதோடு குரலும் போனது. வாயைத் திறந்தால் ஓட்டை சைக்கிள் ரியூப் மாதிரிக் காற்று மட்டும். "நரம்பு சோர்ந்திருக்கிறது. திரும்பலாம், திரும்பாமலும் விடலாம்" என்றார் டாக்டர்.

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் எங்கள் தமிழ்ச் சபையில் ஜெபம் நடத்துகிறவன் நான். மைக் தேவையில்லை. நான் ஸ்தோத்திரம் சொன்னால் கார் பார்க்கில் நிற்கிறவரும் கண்ணை மூடுவார். கர்த்தருக்குக் காது மந்தம் என்பதுபோலக் கத்தினவன். இப்போது சபையின் ட்ரம்ஸ் சத்தத்துக்குள் என் ஜெபம் எனக்கே கேட்கவில்லை. மூன்று ஞாயிறு போனேன். நாலாவது ஞாயிறு கட்டிலை விட்டு எழும்பவில்லை. ஆண்டவர் கைவிட்டார் என்றே நினைத்தேன்.

மனைவி வெள்ளிக்கிழமைகளில் ஒரு கிராமத்துச் சேர்ச்சைத் துப்புரவாக்கப் போகிறவள். "இஞ்சரப்பா, படுத்துக்கிடந்து முகட்டைப் பாத்தது காணும். வந்து ஏணியைப் பிடியுங்கோ" என்றாள்.

டேனிஷ் சேர்ச் என்றால் எனக்கு எப்போதும் பகிடி. பத்துக் கிழவர்கள், ஒரு ஓர்கன், ஆண்டவரைக் குளிர்பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்பேன். அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மெஷின் இல்லாத காலத்தில் கையால் செதுக்கிய கருங்கல். வெள்ளையடித்த வளைவுக் கூரை. நடுவில் தொங்கும் சின்ன மரக்கப்பல். தரங்கம்பாடிக்கு டென்மார்க் கப்பல் விட்ட காலத்தில் போய், உயிரோடு திரும்பிய ஒரு கப்பல்காரர் நன்றியாகக் கொடுத்ததாம். அதுவும் ஒரு சாட்சிதான்.

பலிபீடத்துக்கு முன் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, குரல் தாரும். தராட்டிலும், நான் கதைக்கிறது கேக்குதோ எண்டு மட்டும் சொல்லும். இவளும் என்னை ஏணி பிடிக்க வைச்சிட்டாள்." காற்றாகத்தான் வந்தது.

கடைசி வரிசை வாங்கிலிருந்து "ஆமென்" என்று கேட்டது. மனைவி, தூசித் துணியோடு.

"உமக்குக் கேட்டதோ?"

"ஓம். ஏணிக் கதையும் கேட்டது."

இதைப் பார்த்துக்கொண்டு நின்ற, சேர்ச்சைப் பராமரிக்கும் டேனிஷ்காரர் சிரித்துக்கொண்டு கூரையில் சின்ன வட்டத் துளைகளைக் காட்டினார். கட்டின ஆட்கள் அங்கே வெறும் மண்குடங்களைப் பதித்திருக்கிறார்களாம், பலிபீடத்தில் சொல்வது கடைசி வாங்குவரை போய்ச்சேர. அது உண்மையில் எவ்வளவு உதவுகிறதென்று தனக்குத் தெரியாது என்றார். எனக்குத் தெரியும். அங்கேயே இருந்து அழுதேன்.

ஒவ்வொரு வெள்ளியும் போனேன். பங்குனியில் ஒருநாள் ஜெபத்தின் நடுவில் "பிதாவே" என்ற சொல் சத்தமாகவே வந்தது. பழைய ட்ராக்டர் ஸ்டார்ட் ஆகினதுபோல. டாக்டர் நரம்பு தேறியது என்றார். தேற்றினவரை எனக்குத் தெரியும். அவருக்கே மகிமை.

இப்போது மறுபடியும் சபையில் ஜெபம் நடத்துகிறேன், மெதுவாக. பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்டு ஜெபிக்கிறார் என்று இத்தனை வருடத்தில் இப்போதுதான் எனக்குக் கேட்கிறது.

அன்பானவர்களே, ஒரு சொல்லும் வராத நாள் உங்களுக்கும் வரலாம். அன்றைக்கு இருக்கிற மூச்சையே அவரிடம் கொடுங்கள். அதை வாங்கிக்கொள்ள, நீங்கள் பிறக்க முன்பே அவர் இடம் செய்து வைத்திருக்கிறார்.