ஜன்னலுக்குக் கீழே நின்ற வேன்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நெய்யாஃபு சந்தையில் ஒரு கிழவருக்குச் சேம்பங்கிழங்கு பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது லெசியெலிக்குப் பனிக்குடம் உடைந்தது.

வவாவுத் தீவில் அவள் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. சந்தையில் அவள் கூவினால் படகுத்துறையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் பாடினால் மற்ற பெண்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும். ஆனால் அன்று அவள் சத்தமே போடவில்லை. கிழவர்தான் காலடியில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "யாராவது வாங்கடி! இவளுக்கு நேரம் வந்துடுச்சு!" என்று கத்தினார்.

அவளுக்கு முப்பத்தேழு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. கணவன் செமிசி ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போய் ஆறு மாதம் ஆகிறது. சந்தை வாசலில் நின்ற ஒரே வண்டி, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அவள் தம்பி மனாசேயின் வேன்.

அங்கேதான் சிக்கல். தீவின் வழக்கப்படி அக்காவும் தம்பியும் வளர்ந்த நாளிலிருந்து ஒரே அறையில் படுத்ததில்லை. ஒருவர் எதிரில் மற்றவர் உடம்பைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அவள் வயிறு பெரிதானதைப் பற்றி மனாசே ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. வயிறு என்று ஒன்று இருப்பதே தெரியாததுபோல் நடந்துகொண்டான்.

பெண்கள் அவளைப் பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிவிட்டார்கள். மனாசே கண்ணாடியைத் திருப்பி வைத்தான், அவள் முகம் தெரியாதபடி. ரேடியோவில் பாட்டை உரக்க வைத்தான். குழிக்குக் குழி வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். ஒவ்வொரு வலிக்கும் லெசியெலி சாக்குக் கயிற்றைக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அவன் நர்ஸிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு ஆள் வந்திருக்காங்க."

பிரசவ அறையில் மருத்துவச்சி கலோலைனே. முப்பது வருஷமாகத் தீவின் பாதிக் குழந்தைகளைக் கையில் வாங்கியவள். லெசியெலியின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "பெரிய ஆளா வருது. கொஞ்சம் நேரமாகும், நடந்துக்கிட்டே இரு," என்றாள்.

லெசியெலி நடந்தாள். வலி இடுப்பிலிருந்து கிளம்பி முன்னால் வந்து இறுக்கியது, விட்டது, மறுபடி இறுக்கியது. பத்து மணிக்கு வாந்தி எடுத்தாள். பதினோரு மணிக்குக் கால்கள் நடுங்கின. பன்னிரண்டு மணிக்கு வழி முழுக்கத் திறந்துவிட்டது. முக்கலாம் என்றாள் கலோலைனே. ஆனால் லெசியெலி உதட்டைக் கடித்துக்கொண்டு, உடம்பை இறுக்கிக்கொண்டு, எங்கேயோ பாதியில் நின்றாள். ஒரு மணி நேரம் போயும் குழந்தை இறங்கவில்லை.

"என்னடி இது? சந்தையில நீ கூப்பிட்டா கப்பலே திரும்பும். இங்க வந்து வாயில கிழங்கை அடைச்ச மாதிரி இருக்க! கத்துடி! அடைச்சு வச்சா புள்ளையும் அடைஞ்சுதான் கிடக்கும்."

லெசியெலி தலையை ஆட்டினாள். வியர்த்த கையால் ஜன்னலைக் காட்டினாள். கலோலைனே எட்டிப் பார்த்தாள். நேர் கீழே மாமர நிழலில் வேன். உள்ளே மனாசே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

"டேய் மனாசே! வண்டியை எடு!"

அவன் பதறி நிமிர்ந்தான். "நான் எதுவும் கேக்கல சிஸ்டர்! காதுல பஞ்சு வச்சிருக்கேன்!"

"பஞ்சு வச்சவனுக்கு நான் கூப்பிட்டது எப்படிடா கேட்டுச்சு? போடா, கடற்கரைப் பக்கம் போ. உன்னாலதான் இவ புள்ளையை உள்ளேயே வச்சிருக்கா!"

வேன் புறப்பட்டுச் சரிவில் இறங்கும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை லெசியெலி காத்திருந்தாள்.

பிறகு கத்தினாள். அந்தக் குரல் சந்தைவரைக்கும் கேட்டதாக இன்றும் சிலர் சத்தியம் செய்கிறார்கள். செமிசியைத் திட்டினாள், ஆரஞ்சுத் தோட்டத்தைத் திட்டினாள், கலோலைனேயையும் விடவில்லை. "திட்டு, நல்லாத் திட்டு, ஆனா முக்கிக்கிட்டே திட்டு," என்றாள் கலோலைனே. நாற்பது நிமிஷம். எரிந்தது, கிழிந்தது, இனி முடியாது என்று அவள் அழுத அந்த நொடியில் தலை வந்தது. நாலு கிலோ பெண். ஈரமும் சூடுமாக நெஞ்சின்மேல் வைத்தபோது லெசியெலி குழந்தையின் விரல்களை எண்ணினாள். எண்ணி முடித்ததும் நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

சாயங்காலம் மனாசே வந்து வராண்டாவில் நின்றான். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வெறும் அரைக்கால் சட்டையில் இருந்தவன், மரியாதைக்கு இடுப்பில் சுற்றும் பாய் ஒன்றைக் காவலாளியிடம் இரவல் வாங்கி, பெரியவர்களைப் பார்க்கப் போகிறவன்போல் கட்டியிருந்தான். தீவு முறைப்படி, அக்கா பெற்ற பிள்ளை எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாமனுக்கு உரிமை கிடையாது. பிறந்த நாளிலேயே அவள் அவனைவிட உசத்தி.

கலோலைனே குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். "இந்தா, உன் முதலாளியம்மா. முதல்ல எதைக் கேக்கப் போறாளோ, வேனையா பன்றியையா?"

அவன் சிரிக்கவில்லை. குனிந்து குழந்தையைப் பார்த்தான். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து நின்றது.

"வண்டில வந்த ஆளு..." என்று தொண்டையைச் செருமிக்கொண்டான். "சாப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய பாத்திரத்தோடு திரும்பி வந்து, கலோலைனே கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டான். தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன், நாலு பேர் சாப்பிடும் அளவு. லெசியெலி முள்ளுக்காக விரலால் துழாவினாள். ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்திருந்தார்கள். அவள் சாப்பிட்டுக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் செமிசியின் அக்கா ஃபானே பக்கத்துத் தீவிலிருந்து போன் செய்தாள். பெயர் வைப்பது அத்தையின் உரிமை. அவள் மூன்று மாதமாகவே யோசித்து வைத்திருந்தாள்.

"தோவாகாசேன்னு வச்சிருக்கேன்," என்றாள். "உனக்குப் பிடிக்குதா?"

"பிடிக்கலேன்னா மாத்துவீங்களா?"

"மாத்த மாட்டேன்."

"அப்ப ரொம்பப் பிடிச்சிருக்கு, அண்ணி," என்றாள் லெசியெலி.