யார் கப் காலி?

போன வருடம் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை. சிங்கப்பூரின் தேக்காவில் விளக்கு அலங்காரம் போட்டிருந்தார்கள். சாலையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு மேலே, ஒரு கடைவீட்டின் மாடியில், எங்கள் மென்பொருள் நண்பர்கள் குழு கூடியிருந்தது. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர், தான் வேலையில் பயன்படுத்தும் கருவி ஒன்றைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் கேட்போம், குறுக்குக் கேள்வி போடுவோம், பிறகு கீழே இறங்கிச் சாப்பிடப் போவோம். பேச ஆள் பிடிப்பது முதல் வடை வாங்குவது வரை எல்லாம் என் தலையில்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை; எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாது.

அன்று பேச வந்தவர் ஒரு காலத்தில் என்னோடு வேலை பார்த்த பெண். உட்லண்ட்ஸில் இருக்கிறார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர், சில வருடங்கள் கழித்து மறுபடி வேலை தேடிக்கொண்டிருந்தார். எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும், இத்தனை வருடம் வீட்டில் என்ன செய்தீர்கள் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறதாம். வேலை தெரியுமா என்று கேட்கும் இடம் வரைக்கும் போவதே இல்லை என்று என்னிடம் வருத்தப்பட்டிருந்தார்.

அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு மேலாளர் தன் கம்பெனிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவரும் தமிழர்தான், சிரிப்பதென்றால் கைக்காசைச் செலவழிப்பது போல் யோசிப்பவர். வந்து கேளுங்கள் என்று அவரை நச்சரித்து வரவழைத்தேன். அரை மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டே உட்கார்ந்தார்.

பேச வந்தவர் மேடைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தார். அதுவோ ரொம்ப நாள் மூடிக் கிடந்த பழைய கணினி. நேரம் பார்த்து, என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தவும் முடியாது. காட்ட வேண்டியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. பெரிய திரையில் நீல நிறம் மட்டும் தெரிந்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ஓடிப்போய், அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று இவர் காதில் கேட்டேன். அவர் வடை மேசையைப் பார்த்துக்கொண்டே, "வேணாம் அக்கா. அந்தப் பேப்பர் கப்ல எல்லாம் தண்ணி ஊத்திக் குடுங்க, போதும் லா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஊற்றினேன்.

அவர் பேச வந்தது, பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்கும் ஒரு கருவியைப் பற்றி. நாங்கள் ஒரு புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகச் சேமித்து வைப்போம். திடீரென்று ஒருநாள் ஏதோ ஒன்று வேலை செய்யாது. எந்த மாற்றத்தால் கெட்டது என்று ஒவ்வொன்றாகத் தேடினால் பொழுது போய்விடும். இந்தக் கருவி நடுவில் இருப்பதை எடுத்து, இது சரியா என்று கேட்கும். சரி என்றால் முன்பாதி முழுவதையும் விட்டுவிடலாம். இல்லையென்றால் பின்பாதியை விட்டுவிடலாம். இப்படிப் பாதி பாதியாக ஒதுக்கிச் சீக்கிரமே ஆளைப் பிடித்துவிடும்.

இதைத் திரையில் காட்டாமல் எங்களை வைத்தே காட்டினார். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கையில் தண்ணீர்க் கப்போடு வரிசையாக நின்றோம். மேலாளரும் வேண்டாவெறுப்பாக வந்து நின்றார், ஒரு கையில் வடையோடு. ஒவ்வொருவரும் ஒரு மாற்றம். தண்ணீர் இருந்தால் சரி, காலி என்றால் கெட்டுவிட்டது. பேச வந்தவர் வெளியே போனதும், ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். அவரிலிருந்து கடைசி ஆள்வரை எல்லாருடைய தண்ணீரையும் கொட்டச் சொன்னேன். எல்லாரும் கப்பைக் கையால் மூடிக்கொண்டோம். ஜாடையாகக்கூட யாரும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாத்தியாரம்மா மாதிரி மிரட்டியும் வைத்தேன்.

அவர் உள்ளே வந்தார். வரிசையின் நடுவில் இருந்தவரைக் கேட்டார். தண்ணீர் இருந்தது. அவரையும் அவருக்கு முன்னால் நின்றவர்களையும் உட்காரச் சொன்னார். மிச்சம் இருந்தவர்களில் நடுவில் நின்றவர் நம் மேலாளர். அவர் கப்பைத் திறந்து பார்த்து, காலி என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் அந்த ஜன்னல்காரருக்கு வெகு முன்னாலேயே நின்றிருந்தார். அவரிடம் தண்ணீர் இருந்திருக்க வேண்டும். வடை காரத்துக்கு அதைக் குடித்துத் தொலைத்திருக்கிறார். அது அவருக்கே நினைவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. ஆனால் பேசக் கூடாது என்று எல்லாரையும் மிரட்டியவளே நான்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் மேலாளருக்குப் பின்னால் இருந்தவர்களையும் உட்கார வைத்துவிட்டு, மீதிப் பேரைக் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாரிடமும் தண்ணீர் இருந்தது. கடைசியில் நேராக மேலாளரைக் காட்டி, கெட்டது இவரிடம்தான் என்றார்.

அறையில் ஒரே சத்தம். தப்பு என்று பலர் சொன்னார்கள். "நான் இல்லைங்க" என்றார் மேலாளர், முகத்தை இறுக்கிக்கொண்டு. எந்த மனிதர் முன்னால் நன்றாகச் செய்ய வேண்டுமோ, அவரையே குற்றவாளி என்று கைகாட்டி, அதுவும் தப்பாகிவிட்டது. எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

பேச வந்தவர் மட்டும் பதறவில்லை. சரியாகத்தான் செய்தேன் என்று வாதாடவும் இல்லை, சிரித்து மழுப்பவும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த வரிசையையே பார்த்தார். பிறகு மேலாளருக்கு அடுத்து நின்று, உட்காரப் போயிருந்தவரைக் கூப்பிட்டு, உங்கள் கப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அதில் தண்ணீர் இருந்தது.

இங்கே கெட்டது, அடுத்த இடத்தில் தானாகச் சரியாகுமா என்று எங்களையே கேட்டார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பி, தமிழில் மெதுவாக, "சார், நீங்க தண்ணி குடிச்சீங்களா?" என்றார்.

மேலாளர் கப்பைப் பார்த்தார், கையிலிருந்த பாதி வடையைப் பார்த்தார். "ஆமாங்க, நான்தான் குடிச்சிட்டேன்" என்றார். அறையே சிரித்தது. அதைவிட அதிசயம், அவரும் சிரித்தார்.

இவர் அவரைக் கேலி செய்யவில்லை. நன்றி சொன்னார். கருவி கெட்டிக்காரக் கருவிதான், ஆனால் நாம் தரும் பதிலை அப்படியே நம்பிவிடும். ஒரு பதில் தப்பாக இருந்தாலும் துணிச்சலாகத் தப்பான ஆளைக் காட்டும். அதனால் அது காட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்துவிட்டு நம்புங்கள் என்றார். இதைச் சொல்ல நான் மறந்திருப்பேன், சார்தான் ஞாபகப்படுத்தினார் என்றும் சேர்த்துக்கொண்டார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. நான் எத்தனையோ பெரிய பெரிய பேச்சுகளை ஏற்பாடு செய்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அரை மணி நேர மேலாளர் கடைசிவரை இருந்தார். மாடிப்படியில் இவரோடு நின்று, பிழைகளை எப்படித் துரத்துவீர்கள் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த வருடங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "திங்கக்கிழமை ஆபிஸுக்கு வர முடியுமா? டீம்ல எல்லாரையும் பார்த்துப் பேசுங்க" என்றார். இன்று இவர் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்.

வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் மனதில் நிற்பது அதுவல்ல. நானாக இருந்தால், எல்லார் முன்னாலும் தப்பாகிப்போன அந்த நொடியில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வழி தேடியிருப்பேன். அவரோ தன்னை விட்டுவிட்டு, தப்பு எங்கிருந்து வந்தது என்று மட்டும் தேடினார். அந்தத் துணிச்சலை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.