மைப்புள்ளி வைத்த ரவிக்கைத் துண்டு

அக்டோபர் 4, ஞாயிறு, காலை 7.10, லேசான தூறல். வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ள அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பு வாசலில் ஓர் அலமாரி உண்டு. அதில் இருந்த பதினொரு பொருட்களில் ஒன்று, மடிப்புக் கலையாத பச்சை ரவிக்கைத் துண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது, மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு அம்மா வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துண்டு கொடுப்பாள். பிறர் கொடுத்ததில் தனக்கு வேண்டாததைத்தான் கொடுப்பாள். தெருவே அப்படித்தான். எதிர்வீட்டு மாமி கொடுத்த பச்சைத் துண்டு எத்தனை வீடு சுற்றுகிறது என்று பார்க்க, அதன் ஓரத்தில் ஒரு மைப்புள்ளி வைத்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மறுவருஷம் அம்மா மறந்துபோய் அதை அந்த மாமியிடமே நீட்டினாள்.

"இது நீங்க கொடுத்ததுதான் மாமி! புள்ளி இருக்கு பாருங்கோ!" என்று கத்திவிட்டேன். அம்மாவின் முகம் வெளுத்தது.

மாமி துண்டைப் பிரித்துப் பார்த்தாள். "அசடே, மொதல்ல எனக்கு இதைக் கொடுத்ததே உங்கம்மாதான்டா! இன்னும் எத்தனை ஆத்துக்குப் போகணுமோ!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஒரு முழத் துணியையும் வீணாக்காத அந்தப் பெண்களை இன்றும் வியக்கிறேன்.

அலமாரித் துண்டை மனைவியிடம் கொடுத்தேன். "நன்னா இருக்கே" என்று உடனே தைக்கக் கொடுத்துவிட்டாள். இலவசத் துணிக்கு, லைனிங்கோடு தையற்கூலி அறுநூற்றைம்பது ரூபாய்.