காயம் இல்லாமல் வந்தவள்

எங்கள் மனநல வார்டில் காயத்துக்குக் கட்டுப் போடும் நர்ஸை எல்லோரும் பஞ்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். கையில் எப்போதும் பஞ்சு, வாயில் எப்போதும் கதை. கட்டுப் போட்டு முடிப்பதற்குள் வீட்டுக்காரரின் குறட்டையிலிருந்து மாமியாரின் மூட்டுவலி வரை கேட்டுவிடலாம். வலி தெரியாமல் இருக்கத்தான் பேசுகிறேன் என்பார். கட்டுப் போடும் அறைக்கு வெளியே வந்துவிட்டாலோ காலில் சக்கரம்தான். யார் கூப்பிட்டாலும் "அப்புறம் பேசலாம்மா" என்பார். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை. நான் மருந்து கொடுப்பவன். என் ஜன்னலுக்கு நேரெதிரே அந்த அறைக் கதவு.

தையல் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் அப்போது வார்டில் இருந்தாள். ஆளுமைக் கோளாறு என்றார் டாக்டர். நமக்குச் சுருக்கென்று படுகிற வார்த்தை அவளுக்கு உயிர்போகிற வலி. தாங்க முடியாமல் தன்னையே காயப்படுத்திக்கொள்வாள். கொஞ்ச நாளாக அது இல்லை. அந்த வாரம் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. துணைக்கு இருந்த அவள் அம்மா துணிகளைக்கூட மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

அன்று காலை அவள் கதவருகே வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் பேசணும்."

"காயம் ஒண்ணும் இல்லையே? போம்மா, அப்புறம் பேசலாம்." கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டுப் பஞ்சக்கா போய்விட்டார்.

மத்தியானம் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். பஞ்சக்கா பதறிப்போய் அவளை உட்காரவைத்துக் கட்டுப் போட ஆரம்பித்தார். அவள் அழவில்லை. முகம்கூடத் தெளிந்துதான் இருந்தது.

"இப்ப சொல்லுங்கக்கா. மாமாவோட குறட்டை நின்னுச்சா?"

பஞ்சக்காவின் கை அப்படியே நின்றது.

"காலையில எதுக்கும்மா வந்தே?"

"வீட்டுக்குப் போகப் பயமா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"காயம் இல்லையேன்னு நீங்கதானே அனுப்பிட்டீங்க."

குத்திக்காட்டவில்லை. ஆஸ்பத்திரி விதியைச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்டிலேயே இதமான பேச்சு காயத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. படித்த கூட்டம் அத்தனை பேர் இருந்தோம், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"நான்தான் அவளைக் கெடுத்துட்டேன் டாக்டர்," என்று பஞ்சக்கா டாக்டரிடம் போய் உடைந்துபோனார்.

"அவ நடிக்கல, வலி நிஜம்," என்றார் டாக்டர். "கட்டுப் போடும்போது அன்பா இருங்க, ஆனா பேச்சு சுருக்கமா இருக்கட்டும். மனசு கொதிக்கும்போதே வரச் சொல்லுங்க. வந்தா எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு உட்காருங்க."

பஞ்சக்கா அதை அவளிடம் சொன்னார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போவதும் தள்ளிப்போனது. அம்மா மடித்த துணிகளை வெளியே எடுத்துவைத்தார்.

காயம் ஆறியபின் ஒருநாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவள்தான். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள்.

"இன்னும் ஒண்ணும் பண்ணலக்கா. பண்ணிடுவேனோன்னு பயமா இருக்கு. இப்படியே உள்ள வரலாமா?"

பஞ்சக்கா கையிலிருந்த பஞ்சுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஊருக்கே கதை சொல்லும் அந்த மனுஷி, அன்று வாயே திறக்காமல் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.