பதினேழாம் நம்பர் ஜாயின்ட்

பேய், பில்லி, ஏவல் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்கு விருத்தாசலம், செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் வீடு. வேலை வடக்கே ஒரு அணுமின் நிலையத்தில், ஒப்பந்தக்காரரிடம் குழாய் வெல்டர். அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு முத்திரை எண் உண்டு, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் அதைக் குத்திவிட வேண்டும். என்னுடையது பதினேழு.

மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்காக ஒரு வாரம் லீவில் வந்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும், மாதா கோயிலில் பூசை நடக்கிறது, பிள்ளை வெள்ளை கவுனில் முன்வரிசையில் நிற்கிறாள், திடீரென்று என் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல எரிச்சல், தண்ணீராகக் கொட்டுகிறது. முகத்துக்கு ஷீல்டு போடாமல் பற்றவைத்தால் வருகிற அதே எரிச்சல்.

பக்கத்தில் இருந்த என் மனைவி மெதுவாக, "நேத்து யாரு வூட்டு கேட்டையாவது பத்த வச்சீங்களா?" என்றாள்.

நாலு நாளாக நான் வெல்டிங் பக்கமே போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்ணில் வைத்தாள், சாயங்காலம் சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அங்கே ஒரு குழாயில் வெல்டிங் விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்து, நிலையத்தையே நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஜாயின்டில் குத்தியிருந்தது பதினேழு. பதிவேட்டில் இருந்த தேதி மகளின் புதுநன்மை நாள், நேரம் காலை பத்து. கீழே என் கையெழுத்து.

விசாரணையில் ரயில் டிக்கெட், கோயில் போட்டோ எல்லாம் காட்டினேன். கேட் பதிவிலும் அன்று நான் உள்ளே போனதாக இல்லை. வேலை போகும், கேஸ் வரும் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஃபோர்மேன் பாய் மங்கலம்பேட்டைக்காரர், பொய் பேசாத மனுஷர். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தோணி, நீதான் வந்த. நான்தான் வெல்டிங் ராடு எடுத்துக் குடுத்தேன். லீவுல இருக்கறவன் எதுக்கு வந்தன்னு கேட்டேன். ஷீல்டத் தூக்கவே இல்ல, வாயும் தெறக்கல."

வெட்டியெடுத்த குழாய்த் துண்டை மேசைமேல் வைத்தார்கள். தன் கைவேலை எதுவென்று வெல்டருக்குத் தெரியும். அலையலையாக ஓடி, முடிகிற இடத்தில் இடதுபக்கம் லேசாகச் சாய்கிற கோடு. அது என் கைதான். அதை மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை.

ஷீல்டு மறைத்ததில் பாய் ஆள் மாறிப் பார்த்துவிட்டதாகவும், யாரோ என் முத்திரையைக் குத்தி என் கையெழுத்தையும் போட்டுவிட்டதாகவும் எழுதி விசாரணையை மூடினார்கள். எனக்கு வேலை போகவில்லை. ஆனால் அதிலிருந்து பாய் தினமும் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். போன மாதம் ஒரு காலை அப்படித்தான் போய் நின்றேன். பார்த்தார். இரண்டடி பின்னால் போனார்.

"இன்னிக்கி வேணாம். ரூமுக்குப் போயிடு."

"ஏன் பாய்?"

அவர் கையிலிருந்த பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். அன்றைய தேதிக்கு நேரே ஏற்கனவே என் கையெழுத்து இருந்தது.